ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: பாயின்ட்டைச் சீராக்குவதா, எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவதா?

பல மாதங்கள் உறைக்குள் கிடந்த பழைய காரை வெளியே எடுத்து, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து பொருத்திச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. பெட்ரோல் வாசனை மட்டும் வருகிறது. இந்த இடத்தில் வந்து நிற்கும் வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பழைய பாயின்ட், கண்டென்சரையே மாற்றிப் பார்க்கலாமா, அல்லது இதோடு தலைவலி விடட்டும் என்று எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிடலாமா?” கேள்வி நியாயமானதுதான். (பாயின்ட் என்பது காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனைகள்; கண்டென்சர் அவை கருகாமல் காக்கும் சிறு உறுப்பு.) ஆனால் கார் ஏன் நின்றது என்று தெரிவதற்கு முன்பே கிட் வாங்கிவிட்டு, அதைப் பொருத்திய பிறகும் கார் ஸ்டார்ட் ஆகாமல், இப்போது பழுது பழையதிலா புதியதிலா என்று தெரியாமல் விழிப்பவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

பேட்டரி, வோல்டேஜை ஏற்றும் காயில், பாயின்ட் ஆகியவற்றைக் கொண்டு பொறி உண்டாக்கும் இந்த ஏற்பாடு சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910 வாக்கில் காடிலாக் கார்களில் வந்தது. கிரைஸ்லர் 1973-லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1975 மாடல்களிலும் எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பரவலாகக் கொண்டுவரும் வரை, பல பத்தாண்டுகள் ஏராளமான கார்கள் இதை நம்பியே ஓடின. ஆகவே இது அடிப்படையிலேயே நம்பத்தகாத ஏற்பாடு என்று எண்ண வேண்டியதில்லை. அதே சமயம் கவனிப்பாரின்றி விட்டால் முதலில் சோர்ந்து போவதும் இதுவே.

இன்று ஒரு பழைய காரின் உரிமையாளருக்கு உள்ள வழிகள் நான்கு: பாயின்ட்டையே சீராக்குவது, பாயின்ட்டை வைத்துக்கொண்டே அதற்கு டிரான்சிஸ்டர் துணையொன்றைச் சேர்ப்பது, பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மறையும் எலக்ட்ரானிக் மாட்யூலைப் பொருத்துவது, டிஸ்ட்ரிபியூட்டரையே முழுதாக மாற்றிவிடுவது.

## முடிவெடுக்கும் முன் அரை மணி நேரம்

ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு மல்டிமீட்டர், இடைவெளியை அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ் இருந்தால் போதும். செல்ஃப் அடித்த உடனே ஸ்பார்க் ப்ளக் ஒன்றைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ப்ளக் காய்ந்து கிடந்தால் பழுது பெட்ரோல் பக்கம் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் நான்கு வழிகளும் அங்கே உதவாது. ப்ளக் நனைந்திருந்தால் இக்னிஷனைத் தொடரலாம்.

அடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து காயிலின் ஹெச்.டி. (உயர் வோல்டேஜ்) வயரைப் பிடுங்கி, பிடியில் நல்ல இன்சுலேஷன் உள்ள குறடால் பற்றி, அதன் நுனியை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். நீல நிறத்தில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும்படி பொறி தாவினால் காயில் வரை எல்லாம் நலம். மெலிந்த மஞ்சள் பொறி வந்தால் கண்டென்சரோ காயிலோ பாயின்ட்டோ தளர்ந்திருக்கிறது. பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கும்போதும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அருகில் நிற்கும்போதும் இதைச் செய்யக் கூடாது. கார் ஏற்கெனவே எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறியிருந்தால், வயரைத் தரையிறங்க வழியில்லாமல் தொங்கவிட்டுச் செல்ஃப் அடிப்பது மாட்யூலையே கொன்றுவிடலாம்.

காயிலிலிருந்து பொறி நன்றாக வந்தும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் மூடி, அதனுள் சுழன்று பொறியைப் பங்கிடும் ரோட்டர், வயர்கள், டைமிங் (பொறி விழும் நேரம்) ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கோடிழுத்ததுபோல் மெல்லிய கரிக்கோடு ஓடுகிறதா, நடுவிலுள்ள கார்பன் முனை ஸ்பிரிங்கோடு துள்ளுகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. ரோட்டரைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய ரோட்டர்களில், அந்த ரிவெட் வழியாகவே மின்சாரம் பிளாஸ்டிக்கைத் துளைத்து ஷாஃப்டுக்கு இறங்கிவிடுவது அடிக்கடி நடப்பது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மூடியைத் திறந்து வைத்துக் காயில் வயரின் நுனியை ரோட்டரின் நடுத்தகட்டுக்கு மேல் சற்றுத் தள்ளிப் பிடித்துச் செல்ஃப் அடித்தால், நல்ல ரோட்டருக்குப் பொறி தாவாது, அல்லது மிக மெலிதாக ஒன்றிரண்டு தாவும். பளிச்சென்று தொடர்ந்து தாவினால் ரோட்டர் கசிகிறது.

காயிலிலிருந்தே பொறி வரவில்லையென்றால் டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். விளக்கு மினுக்கினால் பாயின்ட் திறந்து மூடுகிறது. சந்தேகம் கண்டென்சர் மீதும் காயில் மீதும் போகிறது. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடினாலும் மின்சாரம் எர்த்துக்குப் போகவில்லை: தொடுமுனைகளில் படலம் படிந்திருக்கும், அல்லது உள்ளே எங்கோ வயர் அறுந்திருக்கும். விளக்கு எரியவே இல்லையென்றால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயின்ட் முனை எங்கோ உடம்பில் பட்டு நிரந்தரமாக எர்த் ஆகியிருக்கிறது. பாயின்ட் மாற்றியவுடன் கார் நின்றுபோனால் இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சிறிய இன்சுலேட்டர் வாஷர்களை வரிசை மாற்றிப் போட்டிருப்பார்கள்.

என் சொந்த நான்கு சிலிண்டர் காரில் ஒருமுறை விளக்கு எரிந்தபடியே நின்றது. பாயின்ட்டை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன், காயிலையும் மாற்றினேன், பயனில்லை. பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையும் இணைக்கும், விரல் நீளம்கூட இல்லாத துணிச்சுற்று எர்த் வயர் கண்ணுக்கு முழுதாகத்தான் இருந்தது. சாமணத்தால் பிடித்து மெல்ல இழுத்தபோது நடுவில் ரப்பர்போல் நீண்டது. உள்ளே செம்பு இழைகள் எப்போதோ அறுந்திருந்தன. இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு பொறியின் நேரத்தை மாற்றும் வேக்யூம் அட்வான்ஸ் அந்தத் தட்டை ஒவ்வொரு முறை அசைக்கும்போதும் வளைந்து வளைந்தே அது இற்றுப்போயிருக்க வேண்டும். அன்று நான் எலக்ட்ரானிக் மாட்யூல் வாங்கிப் பொருத்தியிருந்தால் அதுவும் ஓடியிருக்காது, ஏனென்றால் பல மாட்யூல்களுக்கு எர்த் அதே தட்டின் வழியாகத்தான் வருகிறது.

இன்னும் இரண்டு அறிகுறிகள் தனியாகச் சொல்லத் தக்கவை. சாவியைச் செல்ஃப் நிலையில் வைத்திருக்கும்வரை இன்ஜின் பிடித்து, கையை விட்டதும் அணைந்துபோனால், காயிலுக்கு வோல்டேஜைக் குறைத்துத் தரும் பேலஸ்ட் ரெசிஸ்டர் அறுந்துவிட்டது என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் காயிலுக்கு அந்த ரெசிஸ்டரைத் தவிர்த்து முழு வோல்டேஜ் போகும். மற்ற நேரத்தில் ரெசிஸ்டர் வழியாகவே போக வேண்டும். இதற்கு நேர்மாறாக, கையை விடும் கணத்தில் மட்டும் ஒரு முறை பிடிக்கப் பார்க்கிறது என்றால் செல்ஃப் நிலையில் காயிலுக்கு மின்சாரம் தரும் தொடர்பு போய்விட்டது. இரண்டுக்கும் பாயின்ட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

மாட்யூல் கிட் ஒன்று வாங்கினால் அது மாற்றுகிற உறுப்புகள் பாயின்ட்டும் கண்டென்சரும் மட்டுமே. மேலே சொன்ன ரோட்டர், மூடி, எர்த் வயர், பேலஸ்ட், சாவி ஸ்விட்ச், காயில் எல்லாம் பழையபடியே இருக்கும். எனவே, இன்ஜின் முதலில் பழைய ஏற்பாட்டிலேயே ஓடட்டும். மாற்றுவதானால் அதற்குப் பிறகு மாற்றலாம் என்பதே என் உறுதியான கருத்து.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், பழுதாகும் விதம். பாயின்ட் பெரும்பாலும் மெல்ல மெல்லத் தளரும். ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஐடிலில் தடுமாற்றம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். எலக்ட்ரானிக் மாட்யூல் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் போகும், சாலையோரத்தில் அதைத் திறந்து பழுதுபார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அது அரிதாகவே போகும் என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டின் தேய்மானம். ரோட்டரைக் கழற்றிவிட்டு ஷாஃப்டின் நுனியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் கைக்குத் தெரியும் ஆட்டம் இருக்கிறதா என்பதே சோதனை. ஆட்டம் இருந்தால் பாயின்ட் இடைவெளி, ஷாஃப்டில் பாயின்ட்டைத் திறக்கும் கேமின் ஒவ்வொரு முகட்டிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். எத்தனை முறை சரிசெய்தாலும் நிலைக்காது.

மூன்றாவது, சிலிண்டர் எண்ணிக்கையும் ஓட்டும் வேகமும். கணக்கு எளிதுதான். நிமிடத்துக்கு 5,000 சுற்று வேகத்தில் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு 6 மில்லி நொடிக்கு ஒரு பொறி வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும் கோணமான ட்வெல் 60 பாகை என்று வைத்துக்கொண்டால், காயில் நிரம்ப 4 மில்லி நொடி கிடைக்கிறது. அதே வேகத்தில் எட்டு சிலிண்டர் இன்ஜினுக்கு 3 மில்லி நொடிக்கு ஒரு பொறி. 30 பாகை ட்வெல்லில் காயிலுக்குக் கிடைப்பது 2 மில்லி நொடிதான். வழக்கமான காயில் அதற்குள் நிரம்பாது. பாயின்ட் துள்ளுவதும் அந்த வேகத்தில் சேர்ந்துகொள்ளும். ஆகவே எட்டு சிலிண்டர் இன்ஜின்காரர் எலக்ட்ரானிக்குக்கு மாறி ‘வித்தியாசம் தெரிகிறது’ என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. நிதானமாக ஓட்டும் நான்கு சிலிண்டர் கார்க்காரர் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்லும்போது அவரும் பொய் சொல்லவில்லை.

நான்காவது, காரின் மின் அமைப்பு. 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எர்த் பேட்டரியின் எந்த முனையில் இருக்கிறது, டைனமோவா ஆல்டர்னேட்டரா என்பவை கிட் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல ஃபோக்ஸ்வேகன் பீட்டில்கள் 6 வோல்ட்டில் ஓடுபவை, பிரிட்டிஷ் எம்.ஜி.பி. கார்களில் 1967 வரை பாசிட்டிவ் முனைதான் எர்த். தவறான முனைக்குரிய மாட்யூலை இணைத்தால், சாவியைத் திருப்பிய கணத்திலேயே அதன் ஆயுள் முடிந்துவிடும்.

மறைமுகச் செலவையும், பிற்பாடு பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பதையும் ஒவ்வொரு வழியின் கீழும் சொல்கிறேன்.

## வழி 1: பாயின்ட்டையே சீராக்குவது

நெடுநாள் நின்ற காரில் மிகச் சாதாரணமாக நடப்பது, தொடுமுனைகளில் ஆக்சைடு படலம் படிவது. தடித்த வெள்ளைத் தாள் ஒன்றைப் பாயின்ட்டுக்கு இடையில் வைத்து மூடவிட்டு, தாள் சுத்தமாக வரும்வரை இரண்டு மூன்று முறை இழுத்தாலே பல கார்கள் ஓடிவிடும். மேடு பள்ளம் விழுந்திருந்தால் நுண்ணிய அரத்தால் தேய்க்கலாம். உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் அதன் துகள் தொடுமுனையில் பதிந்து மறுபடியும் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இடைவெளி அந்தந்தக் காரின் கையேட்டின்படி இருக்க வேண்டும். லூகாஸ் 25டி டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 மி.மீ., பீட்டிலுக்கு 0.40 மி.மீ. என்பவை எடுத்துக்காட்டுகள். இதைச் சரிசெய்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும், ஏனெனில் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். கேமில் உராயும் நாருக்கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கி, பொறி தாமதமாகிக்கொண்டே போகும். அந்த இடத்தில் ஒரு கடுகளவு கிரீஸ் வைக்காமல் விட்டதுதான் ‘பாயின்ட் ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை’ என்ற புகாருக்குப் பல சமயம் காரணம். கிரீஸ் அதிகமானால் தொடுமுனைக்குத் தெறிக்கும், அதுவும் ஆகாது. வேலை முடிந்ததும் பாயின்ட் மூடிய நிலையில், காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

இந்த வழியின் உண்மையான பலவீனம் உதிரிப் பாகங்களின் தரம். இன்று கிடைக்கும் கண்டென்சர்களில் பல, சூடேறியதும் கைவிடுகின்றன. அளவு 0.2 மைக்ரோஃபாரட் அளவில் சரியாகவே இருக்கும், குளிர்ந்த நிலையில் மீட்டரும் குறை சொல்லாது. அரை மணி நேரம் ஓடிய பிறகு பாயின்ட்டில் நீலத் தீப்பொறி பறந்து இன்ஜின் தடுமாறும். பழைய நல்ல கண்டென்சர் ஓடிக்கொண்டிருந்தால், புதியது என்ற ஒரே காரணத்துக்காக அதை மாற்றாதீர்கள் என்று நான் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதுவே அனுபவம். இன்ஜின் சூடு படாத இடத்தில், காயிலுக்குப் பக்கத்தில் கண்டென்சரை வைத்து அதன் உடம்பை உறுதியாக எர்த் செய்வது ஒரு நல்ல மாற்று ஏற்பாடு.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் நேரம்தான். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்க மனமும் பழக்கமும் வேண்டும். மாதத்துக்கு ஓரிரு முறை ஓட்டப்படும், ஷாஃப்டில் ஆட்டமில்லாத, நான்கு அல்லது ஆறு சிலிண்டர் காருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 6 வோல்ட் கார்களுக்கும் இதுவே முதல் தேர்வு. செல்ஃப் அடிக்கையில் பேட்டரி துவண்டு வோல்டேஜ் விழுந்தாலும் பாயின்ட் தன் வேலையைச் செய்யும். பல மாட்யூல்கள் அந்த நிலையில் மௌனமாகிவிடும்.

## வழி 2: பாயின்ட்டுக்கு டிரான்சிஸ்டர் துணை

இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் கவனிக்கத் தக்கது. வழக்கமான ஏற்பாட்டில் காயிலின் மின்சாரம் முழுவதும், அதாவது 3 ஓம் காயிலானால் சுமார் 4 ஆம்பியர், பாயின்ட் வழியாகவே போகிறது. தொடுமுனை கருகுவதற்கு அதுதான் காரணம். இந்தத் துணைப் பெட்டியைச் சேர்த்தால் பாயின்ட் வழியாகப் போவது அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே, காயிலைத் திறந்து மூடும் பாரத்தை டிரான்சிஸ்டர் சுமக்கும். தொடுமுனைகள் ஏறக்குறையக் கருகுவதே இல்லை. நாருக்கட்டையின் தேய்மானம் மட்டும் இருக்கும்.

பெட்டி போய்விட்டால் இரண்டு வயர்களை மாற்றிச் செருகிப் பழையபடி பாயின்ட்டிலேயே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரலாம் என்பது இதன் பெரிய சிறப்பு. அதற்காகக் கண்டென்சரை வண்டியில் வைத்திருக்க வேண்டும். குறை என்னவென்றால், கருகுதல் இல்லாததால் தொடுமுனை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்வதும் குறைகிறது. எண்ணெய்ப் படலம் ஏறினால் மெல்லிய மின்சாரத்தால் அதைத் தாண்ட முடியாது. ஷாஃப்ட் ஆட்டத்தையும் இது குணப்படுத்தாது.

## வழி 3: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மறையும் மாட்யூல்

பெர்ட்ரோனிக்ஸ் போன்றவை இந்த வகை. கேம் மீது காந்த வளையம் ஒன்றைச் செருகி, பாயின்ட் இருந்த இடத்தில் காந்தத்தை உணரும் ஹால் சென்சர் கொண்ட சிறு கட்டியைத் திருகினால் வேலை முடிந்தது. மூடியைப் போட்டுவிட்டால் வெளியே தெரிவது இரண்டு வயர்கள் மட்டுமே. காந்தத்துக்குப் பதிலாக ஒளிக்கதிரை வெட்டும் தட்டைப் பயன்படுத்தும் வகைகளும் உண்டு. உராய்வு இல்லை, ஆகவே இடைவெளியும் டைமிங்கும் வைத்த இடத்தில் நிற்கும். ஷாஃப்டில் லேசான ஆட்டம் இருந்தாலும் பாயின்ட் அளவுக்குத் தடுமாறாது. அடிக்கடி ஓட்டுபவருக்கும், மூடியைத் திறந்து குனிந்து வேலை செய்ய விரும்பாதவருக்கும், எட்டு சிலிண்டர் கார்க்காரருக்கும் இதன் நன்மை உண்மையானது.

ஆனால் கிட்டின் விலை மட்டுமே செலவு என்று நினைப்பவர்கள்தான் இங்கே ஏமாறுகிறார்கள். மாட்யூலுக்குச் சாவி ஸ்விட்சிலிருந்து முழு வோல்டேஜ் வேண்டும். பேலஸ்ட் உள்ள கார்களில் காயிலின் பாசிட்டிவ் முனையில் ஓடும்போது கிடைப்பது 6 முதல் 9 வோல்ட்தான்; ‘காயிலுக்கு வரும் வயரோடு சேர்த்துவிட்டேன்’ என்று எளிதாக முடித்துக்கொண்டால் மாட்யூல் அரைப் பட்டினியில் ஓடும். பேலஸ்ட்டுக்கு முன்னாலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். சில கார்களில் பேலஸ்ட் தனி உறுப்பாக இருக்காது, ஒயரிங் கட்டுக்குள் ஓடும் ரெசிஸ்டன்ஸ் வயராகவே இருக்கும் என்பதால், கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை வைத்து இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

காயில் அடுத்தது. பேலஸ்ட் இல்லாமல் ஓடும் வழக்கமான 12 வோல்ட் காயிலின் பிரைமரி சுமார் 3 ஓம். பேலஸ்ட்டோடு ஓடுவது சுமார் 1.5 ஓம். பேலஸ்ட்டைக் கழற்றிவிட்டு 1.5 ஓம் காயிலை நேரடியாக 12 வோல்ட்டில் இணைத்தால் 8 ஆம்பியர் பாயும். முதலில் மாட்யூல் போகும், அல்லது காயில் கொதித்துப் போகும். மாட்யூலின் தாளில் குறிப்பிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே எந்தக் காயிலும் கூடாது. எளிய வகை மாட்யூல்களில் இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டுவைத்து ரேடியோ கேட்பதுகூட ஆபத்து, காயில் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்; பிற்கால வகைகளில் அதைத் தானாகவே துண்டிக்கும் வசதி உண்டு.

ஹெச்.டி. வயர்கள் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால் அவற்றின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். ரெசிஸ்டன்ஸ் உள்ள வயர்த் தொகுதி வாங்க வேண்டியிருக்கும். இன்ஜின் சுற்று வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரும் சிக்கல் தரலாம். பழைய ஸ்மித்ஸ் டாக்கோமீட்டர்களில் முகப்பில் ஆர்.வி.ஐ. என்று தொடங்கும் எண் இருந்தால், காயிலுக்குப் போகும் மின்சாரம் அதன் வழியாகவே போகிறது என்று பொருள்; மாட்யூலின் வயரை அதற்கு முன்னாலிருந்து எடுக்காவிட்டால் முள் தாறுமாறாக ஆடும் அல்லது எழும்பாது. ஸ்டார்ட் ஆகாத காரில் இதையும் ஒரு சந்தேக நபராக வைத்துக்கொள்வது நல்லது, அந்த மீட்டருக்குள் தொடர்பு அறுந்தால் காயிலுக்கே மின்சாரம் வராது.

நண்பர் ஒருவர் தம் காரில் மாட்யூலைப் பொருத்திவிட்டு, “செல்ஃப் அடிக்கும்போது ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது, கிட் மோசம்” என்றார். கிட்டைப் பொருத்தும் முன்பும் அப்படித்தானே இருந்தது என்று கேட்டபோது சற்று நேரம் பேசவில்லை. பேலஸ்ட்டைத்தான் மாற்றினோம்; கிட் நன்றாகவே ஓடுகிறது.

இந்த வழியை எடுப்பவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கழற்றிய பாயின்ட்டையும் கண்டென்சரையும் இடைவெளி வைத்த நிலையிலேயே, முடிந்தால் பழைய தட்டோடு சேர்த்து, ஒரு டப்பாவில் போட்டுக் காரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சொல்லாமல் போகும் மாட்யூலால் நடுவழியில் நிற்க நேராது.

## வழி 4: டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றுவது

ஷாஃப்டும் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்து, வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டியே விழச் செய்யும் மெக்கானிக்கல் அட்வான்ஸின் எடைகள் துருப்பிடித்து இறுகி, அவற்றின் ஸ்பிரிங்குகள் தளர்ந்துபோன டிஸ்ட்ரிபியூட்டருக்குள் புது மாட்யூலை வைப்பது, இற்றுப்போன கூரைக்கு வெள்ளையடிப்பது போன்றது. அப்போது இரண்டே தேர்வு: பழையதைப் புதுப்பிக்கக் கொடுப்பது, அல்லது 123 இக்னிஷன் போன்ற முழு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்துவது. நெதர்லாந்தில் உருவாகும் இந்த வகையில் எடைகளும் ஸ்பிரிங்குகளும் கிடையாது. எந்த வேகத்துக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்பதை உள்ளிருக்கும் சில்லு முடிவு செய்கிறது. சிறு ஸ்விட்ச் ஒன்றைத் திருப்பி 16 வளைவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மாடலும், வளைவை நாமே எழுதிக்கொள்ளும் மாடலும் உண்டு. கார் வெளிவந்த காலத்துப் பெட்ரோலும் இன்றைய பெட்ரோலும் ஒன்றல்ல என்பதால், இந்த வசதி வெறும் அலங்காரமில்லை.

நான்கில் இதுவே அதிக விலை. பொருத்துவதிலும் கவனம் வேண்டும்: அடியிலுள்ள டிரைவ் பகுதி இன்ஜினோடு சரியாகப் பொருந்த வேண்டும், கியரால் ஓடுவதாக இருந்தால் அதன் உலோகம் கேம் ஷாஃப்டின் உலோகத்தோடு ஒத்துப்போக வேண்டும். பெரிய மூடி கொண்ட வகைகள் ஏர் கிளீனரிலோ பின்சுவரிலோ இடிக்கும்; வாங்குவதற்கு முன் டேப்பை வைத்து அளந்துவிடுவது மேல். போட்டிகளில் மூலத்தன்மைக்கு மதிப்பெண் பெறும் காராக இருந்தால், நடுவரின் கண் முதலில் போகும் இடங்களில் இதுவும் ஒன்று. பழைய டிஸ்ட்ரிபியூட்டரை எண்ணெய் தடவிப் பொதிந்து வைத்துவிட்டால் என்றைக்கும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பாயின்ட் சீரமைப்பு | டிரான்சிஸ்டர் துணை | உள்ளே மாட்யூல் | முழு டிஸ்ட்ரிபியூட்டர் |
|---|---|---|---|---|
| ஆரம்பச் செலவு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| மறைமுகச் செலவு | நேரம், தரமற்ற கண்டென்சர் | பெட்டிக்கு இடம், ஒயரிங் | காயில், வயர்கள், தனி சப்ளை, டாக்கோமீட்டர் | பொருத்துதல், வயர்கள், சில சமயம் காயில் |
| பழுதாகும் விதம் | மெல்ல, அறிகுறி காட்டி | பாயின்ட்டுக்குத் திரும்பலாம் | திடீரென | திடீரென |
| வழியோரப் பழுது | சில நிமிடம் | வயர் மாற்றினால் போதும் | பழைய பாயின்ட் கையில் இருந்தால் | பழைய டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் மட்டும் |
| ஷாஃப்ட் ஆட்டம் | தாங்காது | தாங்காது | லேசானதைத் தாங்கும் | பிரச்சினையே நீங்கும் |
| பலவீனமான பேட்டரி | நன்று | நடுத்தரம் | சிரமம் | சிரமம் |
| ஏற்ற கார் | எப்போதாவது ஓடும் 4, 6 சிலிண்டர். 6 வோல்ட் | தொடுமுனை அடிக்கடி கருகும் கார் | தினமும் ஓடும் கார். 8 சிலிண்டர் | டிஸ்ட்ரிபியூட்டர் தேய்ந்த கார் |

## எனக்கு வந்த கேள்விகளுக்கு

“கார் சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஓடுகிறது, மாட்யூல் போடட்டுமா?” என்று கேட்பவருக்கு: வேண்டாம், இப்போது வேண்டாம். நின்ற அந்த நிமிடமே பொறி வருகிறதா என்று பாருங்கள். பொறி வந்தால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கலாம். வராவிட்டால் காயிலுக்குள் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகும் வயரோ கண்டென்சரோ காரணம். ஆவி அடைப்பையும் காயில் பழுதையும் மாட்யூல் தொடவே தொடாது.

“மழையிலும் அதிகாலைப் பனியிலும் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை” என்பவரும் பாயின்ட்டை விட்டுவிட்டு மூடியையும் ஹெச்.டி. வயர்களையும் பார்க்கட்டும். இருட்டில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால் கசியும் இடங்களில் நீல மினுக்கல் தெரியும். இந்த நிலையில் வலிமையான காயிலும் எலக்ட்ரானிக் மாட்யூலும் போட்டால் கசிவு கூடத்தான் செய்யும், ஏனெனில் அதிக வோல்டேஜ் அதே விரிசலில் இன்னும் சுலபமாக வழி தேடிக்கொள்ளும்.

ஆண்டுக்கு ஒருமுறை பாயின்ட் மாற்றியும் டைமிங் விளக்கில் குறி நிலையாக நிற்காமல் ஆடுகிறது என்று எழுதியவருக்கு நான்காவது வழியையோ, பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது புஷ் போடுவதையோ தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும் நான்கு சிலிண்டர் காரை ‘நவீனப்படுத்த’ விரும்புகிறவர், பணத்தை முதலில் புதிய மூடி, ரிவெட் இல்லாத ரோட்டர், நல்ல ஹெச்.டி. வயர்கள், எர்த் வயர் ஆகியவற்றில் போடட்டும். மாட்யூல் வாங்குவதானாலும் அவை எல்லாம் தேவைப்படுபவைதான், ஒன்றும் வீணாகாது.

நான்கில் எதை எடுத்தாலும், வேலையைத் தொடங்கும் முன் இன்ஜினை முதல் சிலிண்டரின் பொறி நிலையில் நிறுத்தி, ரோட்டர் எங்கே பார்க்கிறது என்பதை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பின் விளிம்பில் பெயின்ட்டால் குறித்துவிட்டு, வயர்களின் வரிசையோடு கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.